கையில் கிடைத்த பங்கசு எந்தக் கணம்? கொழும்பு வீட்டு மேசையிலிருந்து படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பங்கசு வகைப்படுத்தலுக்குள் புதிதாக வருகிறவர்களில் அநேகமானோர் கடைசிக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். மழை விட்ட மறுநாள் வேலியோரம் முளைத்த காளானைப் படமெடுத்து அனுப்பி, "இதின்ர பெயர் என்ன?" என்று கேட்பார்கள். இனப் பெயர் எல்லாவற்றுக்கும் பின்னால் வரவேண்டியது, பல நேரம் வராமலே போய்விடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் பிடிக்க வேண்டியது கணத்தை, அதாவது இராச்சியத்துக்கு அடுத்த பெரிய பிரிவை. அதைத் தீர்மானிக்கிற கேள்வி ஒன்றே ஒன்று: வித்தி (பங்கசு பரவுகிற நுண்ணிய தூள் மணி) எதற்குள், அல்லது எதன் மேல், உண்டாகிறது? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் எடுக்கத்தான், அந்த ஒழுங்கும் காரணத்தோடுதான் போடப்பட்டிருக்கிறது. படி மாறினால் பொருள் காய்ந்துவிடும், அழுகிவிடும், அல்லது எறும்பு கொண்டுபோய்விடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது எதைச் சாப்பிடலாம் என்று பார்க்கிற வழிகாட்டி இல்லை. காட்டிலோ தோட்டத்திலோ எடுத்த எதையும் இதை வைத்துக்கொண்டு சட்டியில் போடாதீர்கள்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு கைவில்லை ஒன்று, புதிய சவர பிளேட், ஊசி, சலோட்டேப், கண்ணாடித் தட்டும் மூடித் துண்டும், வெள்ளைக் கடதாசியும் கறுப்புக் கடதாசியும், கடதாசிப் பைகள், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு மூன்று, பென்சில். நுணுக்குக்காட்டி 400 மடங்கு காட்டினால் போதும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கிற சாதாரணமானதே இந்த வேலை முழுவதையும் செய்யும். ஆயிரம் மடங்கு இல்லையே என்று பின்வாங்கத் தேவையில்லை.

இவற்றோடு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த தண்ணீர். காரணம், பூஞ்சண வித்திகள் தண்ணீரில் நனையாது, வெறும் தண்ணீரில் போட்டால் காற்றுக் குமிழியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். புதியவர்கள் படம் வரைந்து கொண்டுவரும் "வட்டமான, கறுத்த தடித்த விளிம்புள்ள பெரிய வித்தி" பெரும்பாலும் காற்றுக் குமிழிதான். அப்புறம், மருந்துக்கடையில் கிடைக்கும் அயடீன் கரைசலும் கொஞ்சம் வேண்டும். எதற்கு என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

எட்டாம் படியில் வரும் சாணப் பெட்டிக்கு இரண்டு வாரமாவது பிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியை முழுக்க ஒருமுறை வாசித்துவிட்டு அதை முதலில் வைத்துவிடுங்கள், மற்றதை அது வளர்கிற நேரத்தில் செய்யலாம்.

பாதுகாப்பு: பூஞ்சணம் பிடித்த எதையும் முகர்ந்து பார்க்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பெட்டியைத் திறக்கிற வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். கச்சானிலும் கொப்பராவிலும் வருகிற மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஆக இருக்கலாம், அது ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடொக்சின் நஞ்சை உண்டாக்கக் கூடியது. பயிற்சிக்கு அதை எடுக்க வேண்டாம், பாண் இருக்கிறது.

2. முதலில், இது பங்கசுதானா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கொழும்பு மாதிரி எப்போதும் ஈரம் நிற்கிற ஊரில் சுவரிலும் மரத்திலும் படிகிற பாதிச் சங்கதி பங்கசே இல்லை.

பங்கசு என்றால் குறைந்தது இவை இருக்க வேண்டும்: பச்சையம் கிடையாது, உணவை வெளியிலிருந்து உறிஞ்சி எடுக்கும், கலச்சுவரில் கைற்றின் உண்டு, சேமிப்புப் பொருள் மாப்பொருள் அல்ல, கிளைக்கோஜன். இது உணவை விழுங்கிவிட்டுச் சமிக்கச் செய்வதில்லை. நொதியத்தை வெளியே விட்டு, உணவு கரைந்த பிறகு உள்ளே இழுக்கிறது. அதனால்தான் உணவுக்குள்ளேயே மெல்லிய இழைகளாகப் பரவி வளர வேண்டியிருக்கிறது, நீங்கள் தேட வேண்டியதும் அந்த இழையைத்தான்.

இனி ஏமாற்றுகிறவை.

சுவரில் வெள்ளைப் பூப்போல வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் அது சுவர் உப்பு. பூஞ்சணம் கரையாது, நனைந்து படியும்.

செவ்வரத்தைக் கொப்பிலும் கொய்யா இலையின் அடியிலும் பஞ்சுபோல வெள்ளையாக இருப்பதை ஊசியால் கிளறுங்கள். கால் முளைத்து நகர்ந்தால் அது மாப்பூச்சி.

மதிலிலும் மரப்பட்டையிலும் செம்மஞ்சள் வெல்வெற்றுப் போலப் படர்வது பெரும்பாலும் ட்ரெண்டபோலியா என்ற பாசி. அது பச்சைப் பாசிக் கூட்டத்தைச் சேர்ந்தது, உள்ளே நிறைந்திருக்கும் கரோட்டின் நிறப்பொருள்தான் பச்சையை மறைத்து அப்படிக் காட்டுகிறது. நிறத்தை நம்பி இதைப் "பங்கசு" என்று எழுதிவைத்தவர்கள் நிறையப் பேர்.

தும்புத்தூள் போட்ட பூச்சாடியில் ஒரே இரவில் மஞ்சளாகப் பொங்கி நின்று, இரண்டு நாளில் காய்ந்து தூளாகிற பொருள் சளிப் பூஞ்சணம், ஃபியூலிகோ போன்றது. இழையே கிடையாது, ஒரு சளிப்படலம் மெல்ல ஊர்ந்து போகும். பங்கசு இராச்சியத்தில் அதற்கு இடமில்லை.

கடைசியாக, உருளைக்கிழங்கில் பின்வெளிறல் நோயைத் தரும் பைட்டொப்தொராவும் நாற்றுமேடையில் நாற்றை அழுகவைக்கும் பித்தியமும். இரண்டுக்கும் இழை உண்டு, வித்தி உண்டு, பார்வைக்குப் பங்கசே தான். ஆனால் கலச்சுவர் பிரதானமாகச் செலுலோசாலானது, பரம்பரையோ கபிலப் பாசிகளோடு சேர்கிறது. இவற்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

தென்னை, கமுகு மரங்களில் சாம்பல் வெள்ளையில் அப்பியிருக்கும் திட்டுகள் லைக்கன். அது பங்கசும் பாசியும் சேர்ந்து வாழ்வது, வகைப்படுத்தும்போது பங்கசின் பெயர்தான் எடுபடும், அந்தப் பங்கசு அநேகமாக அஸ்கோமைக்கோற்றா (வித்தியைப் பைக்குள் உண்டாக்குகிற கணம்). தொடக்கத்தில் லைக்கனில் கை வைக்காதீர்கள், அது தனிப் பாடம்.

3. பிடுங்குமுன் எழுதுங்கள்

எதன் மேல் வளர்கிறது? மண்ணா, பட்ட மரமா, உயிருள்ள மரமா, சாணமா, புற்றா? பக்கத்தில் என்ன மரம்? தனியாகவா கூட்டமாகவா? இதைப் பிடுங்கிய பிறகு எழுத முடியாது. வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் எழுதினால் மாமரம் பலாவாகிவிடும்.

மேலே, அடியில், பக்கவாட்டில் என்று மூன்று படம். அளவுக்கு ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

மண்ணில் நிற்கும் காளானை இழுத்துப் பிடுங்காதீர்கள். கத்தியால் சுற்றி ஆழமாகத் தோண்டி, அடி முழுவதையும் தூக்குங்கள். தண்டின் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு உறை இருக்கிறதா என்பது பெரிய தடயம். வைக்கோல் காளானுக்கும் இருக்கும், கொடிய நஞ்சுள்ள அமனிட்டாக்களுக்கும் இருக்கும். இழுத்தால் அது மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும்.

பொலித்தீன் பையில் போடாதீர்கள். கொழும்பு வெக்கையில் ஒரு மணித்தியாலத்தில் வியர்த்துக் கூழாகிவிடும். கடதாசிப் பை, ஒரு பையில் ஒரு வகை.

எங்கே எடுக்கலாம் என்றும் யோசியுங்கள். சரணாலயம், ஒதுக்குக் காடு, ஈரநிலப் பூங்கா போன்ற இடங்களில் படம் மட்டும் எடுங்கள், எதையும் கழற்ற வேண்டாம். வீட்டு வளவும், வெட்டிப்போட்ட மரக்குற்றியும், மரக்காலையின் ஓரமும் போதும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்திலும், பின்னேர இடிமழை பெய்யும் ஒக்டோபர், நவம்பரிலும் வளவுக்குள்ளேயே தேவைக்கு மேல் கிடைக்கும்.

4. அன்று இரவே வித்தி அச்சு எடுங்கள்

குடைக் காளான் கிடைத்தால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் இது. அடுத்த நாளைக்குத் தள்ளினால் குடை காய்ந்துவிடும், அல்லது உள்ளிருந்து புழு கிளம்பும்.

தண்டைக் குடையோடு ஒட்ட வெட்டுங்கள். வெள்ளையும் கறுப்பும் பாதிப் பாதியாக ஒட்டிய கடதாசியில் தகடுகள் (குடையின் அடியில் உள்ள மெல்லிய ஏடுகள்) கீழே பார்க்கக் குடையை வையுங்கள். இரண்டு நிறம் ஏனென்றால், வெள்ளை வித்தி வெள்ளைக் கடதாசியில் விழுந்தால் ஒன்றும் விழவில்லை என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள். குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தேநீர்க் கோப்பையால் மூடி, காலை வரை விடுங்கள். மூடுவது மின்விசிறிக் காற்றுக்காக. மூடாவிட்டால் வித்தி கடதாசியில் படியாது, அறை முழுக்கப் பறக்கும். மேசைக்கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைத்தால் எறும்புத் தொல்லையும் இல்லை.

காலையில் தெரிகிற நிறத்தை உடனே எழுதுங்கள், பகல் வெளிச்சத்தில் பார்த்து. வெள்ளை, இளஞ்சிவப்பு, துருக் கபிலம், ஊதாக் கபிலம், கறுப்பு என்று குடும்பங்களைப் பிரிக்க இந்த நிறம் உதவுகிறது. தகட்டின் நிறமும் வித்தியின் நிறமும் ஒன்றுதான் என்று நினைப்பது இந்தப் படியின் பெரிய பிழை. இதற்கு நல்ல உதாரணம் புல்வெளிகளில் மழைக்குப் பிறகு பெரிய வெள்ளைக் குடையாக, சில வேளை வட்டமாகவே முளைக்கிற குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். இளசில் தகடு வெள்ளை, பார்க்க நல்ல காளான் போலவே இருக்கும். அச்சு எடுத்தால் பச்சை. பச்சை அச்சு தருகிற காளான்கள் மிகக் குறைவு, இது நஞ்சு, சாப்பிட்டால் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

அச்சே விழவில்லையா? குடை மிகவும் இளசு, அல்லது மிகவும் முற்றல், அல்லது அது மலடு. வேறொன்றை வையுங்கள். அச்சை வீசிவிடாதீர்கள், நுணுக்குக்காட்டிக்குச் சுத்தமான முதிர்ந்த வித்தி கிடைக்கிற இடம் அதுதான்.

5. வடிவத்தைப் பாருங்கள், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

குடை, விசிறி, கிண்ணம், விரல், பந்து, சவ்வு, தூள், பஞ்சு. இந்தச் சொற்களில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குடையும் விசிறியும் பெரும்பாலும் பசிடியோமைக்கோற்றா (வித்தியைக் கலத்துக்கு வெளியே உண்டாக்குகிற கணம்), கிண்ணம் பெரும்பாலும் அஸ்கோமைக்கோற்றா. அந்தப் "பெரும்பாலும்" தான் ஆளைக் கவிழ்க்கிறது.

மரக்குற்றியில் கறுத்த உருண்டையாக, கல்லுப்போல இருக்கிற டால்டினியாவைப் பாருங்கள். விசிறிக் காளான்களோடு அதே குற்றியில் நிற்கும். வெட்டினால் உள்ளே வட்டம் வட்டமாக அடுக்குகள். அது அஸ்கோமைக்கோற்றா. அதன் உறவு சைலேரியா, மண்ணிலிருந்தோ மரத்திலிருந்தோ கறுத்த விரல்போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதே விரல் வடிவத்தில் வெள்ளையிலும் மஞ்சளிலும் வரும் பவளக் காளான்கள் பலவும் பசிடியோமைக்கோற்றா. பூச்சாடியில் சின்னக் கிண்ணமும் அதற்குள் முட்டைகளுமாக வருகிற சயதஸ் கிண்ணம் என்பதால் அஸ்கோ ஆகிவிடாது, அதுவும் பசிடியோதான்.

இன்னும் மோசமான இடம் இலை. கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக மட்டும் தெரிகிற ஹெமிலீயா வஸ்ராட்றிக்ஸ், தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடுகிற எக்சோபசிடியம் வெக்சான்ஸ், இரண்டுக்கும் குடையும் கிடையாது தண்டும் கிடையாது. இரண்டும் பசிடியோமைக்கோற்றா.

கொழும்பில் பயிற்சிக்கு நல்ல பொருள் ஷைசோஃபில்லம் கொமியூன். பட்ட மாங்கொப்பு, வேலிக்கட்டை எதிலும் சின்ன வெள்ளை விசிறிகளாக, மேலே மயிர் படர்ந்து இருக்கும். அடியில் கைவில்லையால் பார்த்தால் ஒவ்வொரு தகடும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். வெயிலில் சுருளும், நனைத்தால் மறுபடி விரியும். இதைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டியே வேண்டாம், அதனால் முதல் வெற்றிக்கு நல்லது.

கனோடெர்மாவும் அடிக்கடி கிடைக்கும், மரத்தின் அடியில் கபில நிற அரக்குப் பூசியது போன்ற தடித்த விசிறி. அடிப்பக்கத்தில் தகடு இருக்காது, ஊசித் துளைகள் இருக்கும். விசிறியின் மேலேயே கோப்பித்தூள் கொட்டியது போல இருந்தால் துடைத்துவிடாதீர்கள், அது அதன் வித்தி.

6. இழையில் குறுக்குச்சுவர் இருக்கிறதா?

இதற்குப் பாண் வேண்டும். பொலித்தீனில் சுற்றி வருகிற பாணில் பூஞ்சணத் தடுப்பான் சேர்த்திருப்பார்கள், நாள்கணக்கில் ஒன்றும் வராது. பக்கத்து பேக்கரியில் சுட்ட பாண் ஒரு துண்டு போதும். ஒரு மணித்தியாலம் திறந்து வைத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் தெளித்து, பெட்டியில் மூடி இருட்டான மூலையில் வையுங்கள். ஊறப்போட வேண்டாம், ஊறினால் பக்ரீரியா முந்திக்கொண்டு சளியும் நாற்றமும்தான் மிஞ்சும்.

கொழும்பு வெப்பத்தில் இரண்டாம், மூன்றாம் நாள் வெள்ளைப் பஞ்சு எழும்பும். அப்போதே பாருங்கள். எல்லாம் கறுத்த பிறகு பார்த்தால் வித்திகள் வெடித்துச் சிதறி, எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

பஞ்சாக வேகமாக எழும்பி, முனையில் குண்டூசித் தலை போலக் கறுத்த புள்ளிகள் வந்தால் அநேகமாக ரைசோபஸ். ஊசியால் ஒரு சிறு பகுதியை எடுத்து, சோப்புத் தண்ணீரில் வைத்து, மூடித் துண்டைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். இதற்கு சலோட்டேப் வேண்டாம், அழுத்தும்போது வித்திக்கலன் உடைந்துவிடும். இழை அகலமாக, நாடாப்போல, உள்ளே குறுக்குச்சுவர் அநேகமாக இல்லாமல் நீளமாக ஓடும். குத்தாக நிற்கும் காம்புகள் தொடங்குகிற இடத்தில் கீழே வேர்போன்ற இழைகள் தெரிந்தால் ரைசோபஸ், அவை இல்லாவிட்டால் மியூக்கோரை யோசியுங்கள்.

பச்சை, நீலப்பச்சை, கறுப்புத் தூளாகப் படர்ந்தால் அது வேறு கூட்டம். இங்கேதான் சலோட்டேப்: ஒட்டும் பக்கத்தால் தொட்டு எடுத்து, கண்ணாடித் தட்டில் சோப்புத் தண்ணீர்ச் சொட்டின் மேல் ஒட்டுங்கள். திட்டின் நடுவில் தொடாதீர்கள், விளிம்பில் தொடுங்கள். நடுவில் வித்தி மட்டுமே குவிந்திருக்கும், விளிம்பில்தான் உறுப்பு முழுதாகக் கிடைக்கும். இழை மெல்லியது, குறுக்குச்சுவர் ஒழுங்காகத் தெரியும். காம்பின் நுனி உருண்டையாக வீங்கி அதைச் சுற்றி வித்திச் சங்கிலிகள் நின்றால் அஸ்பெர்ஜில்லஸ், வீங்காமல் தூரிகையாகப் பிரிந்தால் பெனிசிலியம்.

இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பாணின் மாப்பொருள் மணிகளை வித்தி என்று எண்ணுவது. ஒரு சொட்டு அயடீன் விடுங்கள், நீலக் கறுப்பாக மாறியது மா. மற்றது, வெளிச்சத்தை முழுக்கத் திறந்து வைப்பது. இழை கண்ணாடிமாதிரித் தெளிவானது, வெளிச்சம் கூடினால் காணாமல் போய்விடும். நுணுக்குக்காட்டியின் கீழே உள்ள துளையைச் சுருக்குங்கள், குறுக்குச்சுவர் அப்போதுதான் எழுந்து வரும்.

7. வித்தி எதில் உண்டாகிறது?

இதுவரை செய்ததெல்லாம் இந்தப் படிக்கு வரத்தான். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அஸ்கோமைக்கோற்றாவில் வித்தி ஒரு நீண்ட பைக்குள், அஸ்கஸுக்குள், உண்டாகிறது. அவரைக்காய்க்குள் விதை கிடப்பதுபோல அநேகமாக எட்டு வித்திகள் உள்ளே வரிசையில் கிடக்கும். எட்டு ஏன்? ஒடுக்கற்பிரிவில் நான்கு கரு, அதன்பின் ஒரு இழையுருப்பிரிவில் ஒவ்வொன்றும் இரண்டு. எண்ணும்போது ஏழு தெரிந்தால் பதற வேண்டாம், ஒன்று இன்னொன்றின் பின்னால் மறைந்திருக்கும்.

பசிடியோமைக்கோற்றாவில் வித்தி கலத்துக்கு வெளியே. நுனி பருத்த பசிடியம் என்ற கலத்தின் தலையில் நான்கு சின்னக் கூர்முனைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வித்தி. தகட்டுக் காளானில் இதைப் பார்க்க, தகட்டைக் குறுக்காக மிக மெல்லியதாக வெட்ட வேண்டும். காளான் மெதுமை என்பதால் கையில் பிடித்து வெட்ட நசியும். ஒரு கரட்டில் பிளவு போட்டு, காளான் துண்டை அதற்குள் செருகி, இரண்டையும் சேர்த்து பிளேட்டால் சீவுங்கள். பத்துச் சீவலில் ஒன்று நன்றாக வரும், அதை எடுத்து விளிம்பை மட்டும் பாருங்கள்.

கடையில் வாங்குவதானால் எதை வாங்குவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. சுப்பர் மாக்கட்டில் மொட்டுக் காளான் கைக்கு எட்டிய இடத்தில் இருக்கும், எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். அது அகாரிக்கஸ் பைஸ்போரஸ், அதன் பசிடியத்தில் பெரும்பாலும் இரண்டு வித்திதான் வரும். பாடத்தில் நான்கு என்று படித்துவிட்டு இரண்டைப் பார்க்கிற மாணவர் தன் கண்ணில்தான் பிழை என்று நினைப்பார். சிப்பிக் காளான் வாங்குங்கள், நான்கும் இருக்கும்.

ரைசோபஸ் இருக்கிற கூட்டத்தில் நீங்கள் பாணில் காண்பது இலிங்கமில் முறை வித்திக்கலன்: காம்பு நுனியில் பந்து, அதற்குள் எண்ணமுடியாத வித்தி. இலிங்கமுறையில் வருகிற தடித்த கறுத்த நுகவித்தியைப் பாணில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், ரைசோபஸ் ஸ்டோலோனிஃபரில் அதற்கு ஒத்துப்போகிற இரண்டு வர்க்கங்கள் சந்திக்க வேண்டும். பழைய குறிப்புகளில் இந்தக் கூட்டம் சைகோமைக்கோற்றா. 2016 இல் அதை மியூக்கோரோமைக்கோற்றா, சூபேகோமைக்கோற்றா என்று இரண்டாகப் பிரித்தார்கள், ரைசோபஸ் முதலாவதில் வரும். பரீட்சை எழுதுகிறவர்கள் உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பெயரை எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

கைற்றிட்டுகள் என்ற பங்கசுக் கூட்டம் தண்ணீரில் கிடைக்கும். வித்திக்கு நீந்த ஒரு சவுக்குமுளை உண்டு, பின்னால் ஒன்றே ஒன்று. குளத்து நீரில் சோள மகரந்தத்தைத் தூவிச் சில நாள் வைத்தால் மகரந்த மணிகளில் சின்னச் சின்னப் பைகளாக ஒட்டி வரலாம். அதே தண்ணீரில் இரண்டாம் படியில் ஒதுக்கிவைத்த கூட்டமும் வரும், அவற்றின் நீந்தும் வித்திக்குச் சவுக்குமுளை இரண்டு. வேர்களுக்குள் வாழும் குளோமரோமைக்கோற்றாவைப் பார்க்க வேரை வெளிறச் செய்து சாயமூட்ட வேண்டும், வீட்டில் விட்டுவிடுங்கள்.

இனி, எதிலும் சேராதது போலத் தெரிகிறவை. அஸ்பெர்ஜில்லஸிலும் பெனிசிலியத்திலும் பார்த்த வித்திச் சங்கிலி பைக்குள்ளும் இல்லை, பசிடியத்தின் மேலும் இல்லை. அவை கொனிடியங்கள், இலிங்கமில் முறை. இலிங்கமுறை தெரியாததையெல்லாம் முன்பு தியூற்றரோமைக்கோற்றா என்ற தனிக் கூடையில் போட்டுவைத்தார்கள். இப்போது மரபணு ஒப்பீட்டால் உரிய இடம் தெரிகிறது, இந்த இரண்டும் அஸ்கோமைக்கோற்றா. ஒரே பங்கசுக்கு இலிங்கமுறை நிலைக்கு ஒரு பெயர், இலிங்கமில் நிலைக்கு ஒரு பெயர் என்ற வழக்கத்தையும் 2011 மெல்போர்ண் மாநாட்டில் கைவிட்டார்கள். பழைய புத்தகத்தில் இரண்டு பெயர் கண்டால் குழம்பாமலிருக்க இதைத் தெரிந்துவைப்பது நல்லது.

மதுவமும் அப்படித்தான். வெல்லம் கரைத்த இளஞ்சூட்டு நீரில் பேக்கரி ஈஸ்டைப் போட்டு அரை மணித்தியாலம் விட்டால், 400 மடங்கில் அரும்பு விடுவது தெரியும். இழையும் இல்லை, அஸ்கஸும் தெரியாது, ஆனாலும் சாக்கரோமைசஸ் அஸ்கோமைக்கோற்றாதான். அப்ப மாவைப் புளிக்கவைக்கிற கள்ளில் இருப்பதும் இந்தக் கூட்டம்.

8. சாணப் பெட்டி: ஒரே பெட்டியில் மூன்று கூட்டம்

அஸ்கஸைப் பார்க்க நல்ல பொருள் கொழும்பில் எளிதில் கிடைக்காது. டால்டினியாவிலும் சைலேரியாவிலும் பை சீக்கிரம் கரைந்து கறுத்த வித்தி மட்டும் மிஞ்சும். அதனால்தான் சாணம்.

புல் மேய்கிற மாட்டின் புதிய சாணம் வேண்டும். குப்பை மேய்கிற மாட்டினது அவ்வளவு சரிவராது, காரணம் இந்தப் பங்கசுகளின் வித்தி புல்லோடு சேர்ந்து உள்ளே போய், குடலைக் கடந்து வருகிறது. கோட்டே பக்கம், கடுவெலைப் பக்கம் வயலோரம் போனால் கிடைக்கும். ஈரமான திசுக்கடதாசியின் மேல் சாணத்தை வைத்து, பெட்டியை மூடி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் படும் யன்னலோரம் வையுங்கள். காயவிடாதீர்கள், தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

முதல் சில நாளில் பைலோபொலஸ்: கண்ணாடிக் காம்பு, நுனியில் கறுத்த தொப்பி. வெளிச்சம் வரும் பக்கம் பார்த்துத் தொப்பியை எறியும், 2 மீற்றர் வரை போகும், மூடியின் அந்தப் பக்கத்தில் கறுத்த புள்ளிகளாக ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். இது மியூக்கோரோமைக்கோற்றா. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து சின்னத் தட்டுகள்போல அஸ்கோபொலஸ் வரும். ஒன்றை எடுத்து, சோப்புத் தண்ணீரில் வைத்து மூடித் துண்டை மெல்ல அழுத்துங்கள், பைகள் விரிந்து ஊதா நிற வித்திகள் எட்டெட்டாகத் தெரியும். கடைசியில் மெல்லிய தண்டுள்ள சின்னக் குடைகள், கறுத்து மையாகக் கரைகிற வகை, பசிடியோமைக்கோற்றா.

ஒழுங்கு இப்படி வருவதற்கு ஒரு காரணம் உணவு: எளிய சீனியைத் தின்கிறது முந்துகிறது, செலுலோசையும் இலிக்னினையும் உடைக்கிறது பிந்துகிறது. குடைக்கு உடம்பு கட்டவும் அதிக நாள் பிடிக்கும். புதியவர்கள் பைலோபொலஸ் சாய்ந்ததும் "முடிந்துவிட்டது" என்று பெட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள்.

9. இப்போது பெயர் ஏணி

கணம் தெரிந்தபின் கீழே இறங்குங்கள். பெயரின் வாலைப் பார்த்தாலே எந்தப் படி என்று தெரியும்: "மைக்கோற்றா" என்று முடிந்தால் கணம், "மைசீற்றிஸ்" வகுப்பு, "ஏல்ஸ்" வருணம், "ஏசியே" குடும்பம். மாங்கொப்பு விசிறியை எடுத்தால்: இராச்சியம் பங்கசு, கணம் பசிடியோமைக்கோற்றா, வகுப்பு அகாரிக்கோமைசீற்றிஸ், வருணம் அகாரிக்கேல்ஸ், குடும்பம் ஷைசோஃபில்லேசியே, சாதி ஷைசோஃபில்லம், இனம் ஷைசோஃபில்லம் கொமியூன். கறுத்த பாண் தூளுக்கு: அஸ்கோமைக்கோற்றா, யூரோஷியோமைசீற்றிஸ், யூரோஷியேல்ஸ், அஸ்பெர்ஜில்லேசியே, அஸ்பெர்ஜில்லஸ்.

கவனியுங்கள், இரண்டாவதில் சாதியோடு நிறுத்திவிட்டேன். கறுத்த அஸ்பெர்ஜில்லஸ் எல்லாம் நைகர் அல்ல, கண்ணால் பிரிக்க முடியாத இனங்கள் பல உண்டு. அங்கே மரபணுவில் ஐ.டி.எஸ் என்ற பகுதியை வாசிப்பார்கள், 2012 இல் பங்கசுகளுக்குப் பொதுவான அடையாளக் குறியாக முன்மொழியப்பட்டது அதுதான். அஸ்பெர்ஜில்லஸ் போன்ற சாதிகளில் அதுகூடப் போதாமல் வேறு மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும். கைத்தொலைபேசிச் செயலிகள் படத்தைப் பார்த்து இனப் பெயரையே நீட்டும். வித்தி அச்சையோ, தண்டின் அடியையோ அவை பார்த்ததில்லை. சாதி வரைக்கும் வேண்டுமானால் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் குறிப்போடு ஒத்துப்போனால் மட்டும்.

10. காயவைத்து வையுங்கள்

பெயர் பிழைத்தால் திரும்பிப் பார்க்க மாதிரி வேண்டும். கொழும்பின் ஈரத்தில் சும்மா வெளியே வைத்தால் காளானின் மேலேயே வேறு பூஞ்சணம் ஏறி, அடுத்த மாதம் நீங்கள் வகைப்படுத்துவது அதைத்தான். 40 பாகை செல்சியஸ் அளவில், காற்றோட்டமுள்ள பெட்டியில், ஒடித்தால் நொறுங்கும்வரை காயவையுங்கள். கூடுதல் சூட்டில் வேகவைத்தால் கலங்கள் குலைந்துவிடும், பிறகு வெட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. காய்ந்ததும் சிலிக்கா ஜெல் பொதியோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், நீலப் பொதி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

பாணையும் சாணத்தையும் திறந்து குப்பையில் கொட்ட வேண்டாம். பெட்டிக்குள் பிளீச் நீர் ஊற்றி, ஒரு இரவு விட்டு, மூடியோடு பையில் கட்டிப் போடுங்கள். டப்பாச் சீட்டில் இடம், திகதி, எதன் மேல் வளர்ந்தது, அச்சின் நிறம், எந்தப் படிவரை உறுதி என்ற ஐந்தையும் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறிப் பரவும்.